ஆலை கை மாறிற்று. வேலை என்ன ஆயிற்று?

நைல் நதி கடலோடு கலக்கும் முன்பு பல கிளைகளாகப் பிரிந்து பாயும் செழிப்பான பிரதேசத்தின் நடுவே மஹல்லா அல் குப்ரா என்னும் பட்டணம் இருக்கிறது. எகிப்துப் பருத்தியின் மேன்மையை உலகம் அறியும். அந்தப் பருத்தி கப்பலேறி லங்காஷயருக்குப் போய், அங்கே துணியாகி, பன்மடங்கு விலையுடன் திரும்பி வந்த காலம் ஒன்று இருந்தது. இந்தக் கதை நம் தேசத்தாருக்குப் புதிதன்று.

அந்த அவமானத்தைத் துடைக்க எண்ணிய தலாத் ஹர்ப் என்பவர், எகிப்தியரின் பணத்தையே மூலதனமாகத் திரட்டி, 1920-ல் 'மிஸ்ர் பாங்கி'யை நிறுவினார். 'மிஸ்ர்' என்பது அரபு மொழியில் எகிப்துக்கே உரிய பெயர். அந்தப் பாங்கியின் ஆதரவில் 1927-ல் மஹல்லாவில் ஒரு நூற்பு நெசவாலை எழுந்தது. 1960-ல் அது சர்க்காரின் சொத்தாயிற்று. பிற்காலத்தில் அதையும் விற்று விடுவார்களோ என்ற அச்சம் தொழிலாளரைப் பிடித்துக் கொண்டது. சுதேசி முதலாளியின் கையிலிருந்து சர்க்காரின் கைக்கும், அங்கிருந்து ஏலக் கூடத்தின் வாசலுக்கும் வந்து நின்ற இந்த ஆலையின் சரித்திரம், அரபு நாடுகள் பலவற்றின் பொருளாதாரச் சரித்திரமே ஆகும்.

பொதுச் சொத்துக்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, இறக்குமதித் தடைகளைத் தளர்த்தி, மான்யங்களைக் குறைப்பதற்குத்தான் பொருளாதாரச் சீர்திருத்தம் என்று இக்காலத்தில் பெயர். இதனால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் வேலை பெருகும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். உள்ள வேலையும் போகும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அரபு நாடுகளில் நடந்தது என்ன என்று நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சர்க்கார் கொடுத்த வாக்கு

1952-ல் எகிப்தில் மன்னராட்சி கவிழ்ந்தது. 1956-ல் ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாயை தேசீய உடைமை ஆக்கினார். 1961 ஜூலையில் பாங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் சர்க்கார் வசம் வந்தன. அதே காலத்தில் சர்வகலாசாலைப் படிப்பு இலவசமாயிற்று. இவற்றோடு சர்க்கார் ஒரு மகத்தான வாக்கும் கொடுத்தது. பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் சர்க்காரே வேலை தரும் என்பதுதான் அந்த வாக்கு. தொழிற்கல்விப் பள்ளியில் தேறியவர்களையும் பின்னர் அதில் சேர்த்துக் கொண்டார்கள்.

நிலத்தில் உழைத்து முதுகு வளைந்த குடியானவன் வீட்டில் இந்த வாக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கையை உண்டாக்கியிருக்கும்! பிள்ளையை எப்படியாவது படிக்க வைத்துவிட்டால் போதும். அவன் வாழ்வுக்குக் கவலை இல்லை. பெண்ணைப் படிக்க வைப்பதற்கும் இதுவே பெரிய தூண்டுகோலாயிற்று. ஆசிரியை, குமாஸ்தா, சுகாதார உத்தியோகஸ்தை என்று ஒரு புதிய வகுப்பே தோன்றியது.

ஆனால் வாக்குக் கொடுப்பது எளிது, காப்பாற்றுவது கடினம். பட்டதாரிகள் ஆண்டுதோறும் பெருகினார்கள். காரியாலயங்களில் நாற்காலிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஒருவர் செய்யும் வேலையை மூவர் பங்கிட்டுக் கொண்டார்கள். சம்பளம் தேய்ந்தது. உத்தியோகத்திற்காகக் காத்திருக்கும் காலமோ வளர்ந்து கொண்டே போய், 1990-களில் பத்து ஆண்டுகளையும் தாண்டிற்று. இருபத்திரண்டு வயதில் பட்டம் பெற்றவன் முப்பத்திரண்டு வயதுக்கு மேல் உத்தியோகம் பார்க்கலாம் என்றால், நடுவில் அவன் கல்யாணம் செய்து கொள்வது எப்போது, குடித்தனம் நடத்துவது எப்போது?

பழைய ஏற்பாடு பழுதில்லாமல் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அது பழுதுபட்டிருந்ததனால்தான் சீர்திருத்தம் என்ற பேச்சுக்கே இடம் உண்டாயிற்று.

ரொட்டியும் துப்பாக்கியும்

நாசருக்குப் பின் வந்த ஜனாதிபதி சாதாத், 1974-ல் அந்நிய மூலதனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார். இதற்கு அரபு மொழியில் 'இன்ஃபிதாஹ்' என்று பெயர்; 'திறப்பு' என்பது பொருள். சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் யோசனைப்படி 1977 ஜனவரியில் உணவுப் பொருள்களுக்கான மான்யத்தைக் குறைத்தார்கள். மறுநாளே அலெக்ஸாண்டிரியா முதல் அஸ்வான் வரையில் ஜனங்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். ஜனவரி 18, 19 ஆகிய இரண்டு நாட்களில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பட்டாளம் வந்தது, விலை உயர்வும் வாபஸாயிற்று.

அதன் பின்னர் வந்த மந்திரி சபைகள் ரொட்டியின் மீது கை வைப்பதில் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்து கொண்டன. பாரசீக வளைகுடா நாடுகளுக்கும் இராக்குக்கும் லிபியாவுக்கும் பிழைக்கப் போன லட்சக்கணக்கான எகிப்தியர் அனுப்பிய பணம் குடும்பங்களைத் தாங்கிற்று. ஆனால் 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. 1990-ல் இராக் குவைத்துக்குள் புகுந்ததும், பிழைக்கப் போனவர்கள் பெருங் கூட்டமாக வெறுங் கையுடன் வீடு திரும்பினார்கள். தேசத்தின் அந்நியக் கடனோ சுமார் 5,000 கோடி டாலருக்கு ஏறிவிட்டது.

பெரும் விற்பனை

1991-ல் எகிப்து, சர்வதேச நிதி ஸ்தாபனத்தோடும் உலக பாங்கியோடும் உடன்பாடு செய்து கொண்டது. வளைகுடா யுத்தத்தில் அமெரிக்காவின் பக்கம் நின்றதற்குப் பிரதியாகக் கடனில் பெரும் பகுதி தள்ளுபடி ஆயிற்று. அதற்கு ஈடாக, அவ்வாண்டின் 203-வது சட்டத்தின்படி 314 பொதுத் துறைக் கம்பெனிகள் விற்பனைக்கு உரியவையாக ஒதுக்கப்பட்டன. சிமிட்டி, நெசவு, உரம், பானம், ஹோட்டல் என்று அவற்றில் இல்லாத தொழில் இல்லை. சுமார் பத்து லட்சம் பேர் அவற்றை நம்பிப் பிழைத்தார்கள். பத்து ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிக் கம்பெனிகள் முழுதாகவோ பகுதியாகவோ கை மாறின.

வாங்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை ஆட்கள் எதற்கு?" என்பதுதான். ஆகவே விற்பதற்கு முன்பே ஆட்களைக் குறைக்கும் வேலையைச் சர்க்காரே ஏற்றுக் கொண்டது. நேராக நீக்கினால் கலகம் வரும். அதனால், வயது வரும் முன்பே ஓய்வு பெற்றுக் கொள்பவர்களுக்கு ஒரு தொகை தரும் திட்டம் வந்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதி இதற்கே செலவாயிற்று. வாடிய குடும்பங்களுக்குத் தொழில் தொடங்கக் கடன் கொடுக்க 'சமூக நிதி' என்ற ஓர் அமைப்பையும் ஏற்படுத்தினார்கள்.

நாற்பத்தைந்து வயதில் கையில் ஒரு மூட்டைப் பணத்துடன் வீட்டுக்கு வந்தவன் என்ன செய்வான்? பெண்ணின் கல்யாணம், பழைய கடன், வீட்டுக் கூரை ஆகிய மூன்றுமே அந்தப் பணத்தை விழுங்கிவிடப் போதுமானவை. மிச்சத்தில் கடை வைத்தால், அதே தெருவில் அதே யோசனையுடன் வேறு நாலு பேர் கடை வைத்திருப்பார்கள். மாதச் சம்பளம் என்பது சிறிய ஊற்று. ஆனால் வற்றாத ஊற்று. மொத்தத் தொகையோ குடத்து நீர்.

வேறொரு விசித்திரமும் நடந்தது. சில ஆலைகளை வாங்கியவர்களின் கண், யந்திரத்தின் மேல் இல்லாமல் ஆலை நின்ற நிலத்தின் மேலேயே இருந்தது என்று தொழிலாளர் குற்றம் சாட்டினார்கள். 1856-ல் தோன்றிய 'ஓமர் எஃபெண்டி' என்ற புகழ் பெற்ற கடைகளை 2006-ல் ஒரு ஸௌதி கம்பெனி வாங்கியது. 2011 மே மாதம் நிர்வாக நீதிமன்றம் அந்த விற்பனையையே ரத்துச் செய்துவிட்டது. ஷிபின் அல் கோம் நெசவாலை, தாந்தா சணலாலை முதலியவற்றின் விற்பனைக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் அதே கதி நேர்ந்தது. ஆனால் சர்க்கார் செய்த ஒப்பந்தங்களை மூன்றாம் மனிதர் எவரும் கோர்ட்டில் எதிர்க்கக்கூடாது என்று 2014-ல் ஒரு சட்டம் வந்து, அந்த வழியும் அடைபட்டது.

எண்கள் சொல்லாத கதை

இவ்வளவும் நடந்திருக்கையில் எகிப்தில் வேலையில்லாதவர் தொகை வானளாவ ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை! 2006 முதல் 2008 வரையில் தேசத்தின் உற்பத்தி ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் வளர்ந்தது. வேலையில்லாதவர் சுமார் 9 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். சீர்திருத்தவாதிகள் இந்தக் கணக்கைக் காட்டி மகிழ்ந்தார்கள்.

கணக்குப் பொய் என்று நாம் கூறவில்லை. அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்றுதான் கேட்கிறோம். வேலை தேடி அலைபவனை மட்டுமே அது வேலையில்லாதவன் என்று எழுதிக் கொள்ளும். பரம ஏழைக்கு வேலையில்லாமல் இருக்க வசதி ஏது? அவன் சுமை தூக்குவான். தெருவில் கூவி விற்பான். நாட்கூலிக்குக் கல் உடைப்பான். கணக்கின்படி அவன் வேலையுள்ளவன். அதனால்தான் எகிப்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் காட்டிலும் படித்தவர்களிடையே வேலையின்மை மிகுதியாகத் தென்பட்டது. தகப்பன் வீட்டில் சோறு கிடைக்கும் வரையில் காத்திருக்கக் கூடியவன்தானே தேடிக் கொண்டேயிருக்க முடியும்?

ஆலையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவனின் துயரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. உள்ளே சேர்க்கப்படாமலே போனவனின் துயரம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண்டுதோறும் எகிப்தில் ஏழெட்டு லட்சம் இளைஞர்கள் வேலைக்குரிய வயதை அடைகிறார்கள். பொதுத் துறையின் வாசலில் 'இடமில்லை' என்ற பலகை தொங்கியபோது, தனியார் துறையில் அவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை ஒப்பந்தமும், பென்ஷனும், வைத்திய உதவியும் இல்லாதவை. சீர்திருத்தத்தின் பெரிய நஷ்டம் வேலையின் எண்ணிக்கையில் ஏற்பட்டதைவிட, வேலையின் தரத்திலேயே ஏற்பட்டது.

பெண்களின் நிலை இன்னும் பரிதாபமானது. சர்க்கார் உத்தியோகத்தில் குறித்த நேரம் உண்டு. பிரசவ விடுமுறை உண்டு. வீட்டார் மறுக்காத கௌரவம் உண்டு. சிறிய தனியார் கடைகளிலும் பட்டறைகளிலும் இவை எங்கே கிடைக்கும்? ஆகவே படித்த பெண்கள் வேலை தேடுவதையே நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். தேடாதவர்கள் கணக்கிலும் இல்லை. இன்று எகிப்தில் உழைக்கும் வயதுள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே வேலைச் சந்தையில் இருக்கிறார்கள்.

ஆனால் பெண்கள் எல்லோரும் மௌனமாக இருந்துவிடவில்லை. 2006 டிசம்பரில் மஹல்லா ஆலையில், வாக்களித்த போனஸ் கிடைக்காததைக் கண்டு முதலில் வேலையை நிறுத்தி வெளியே வந்தவர்கள் பெண்களே. இன்னும் யந்திரத்தருகில் நின்று கொண்டிருந்த ஆண்களைப் பார்த்து, 'ஆண்பிள்ளைகள் எங்கே?' என்று அவர்கள் கேட்டார்கள். சிறிது நேரத்தில் 20,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். சர்க்கார் பணிந்து போனஸ் கொடுத்தது. 2008 ஏப்ரல் 6-ல் அதே பட்டணத்தில் மீண்டும் கொந்தளிப்பு. அத்தேதியின் பெயரிலேயே இளைஞர் இயக்கம் ஒன்று தோன்றி, 2011-ல் ஜனாதிபதி முபாரக் பதவி இழந்த புரட்சியில் முன்னணியில் நின்றது.

டுனீஷியாவின் தராசு

மேற்கே டுனீஷியாவுக்குப் போவோம். சீர்திருத்தத்தின் நல்ல மாணாக்கன் என்று உலக ஸ்தாபனங்கள் நெடுங்காலம் புகழ்ந்த தேசம் அது. 1986-ல் அங்கே சீர்திருத்தம் ஆரம்பித்தது. 1995-ல் ஐரோப்பிய யூனியனோடு வர்த்தக உடன்படிக்கையும் ஆயிற்று. தையற்சாலைகள் பெருகின, பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அவை கடற்கரைப் பிரதேசத்தோடு நின்றுவிட்டன. 2005-ல் துணி வர்த்தகத்துக்கு உலகெங்கும் இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியதும், சீனத் துணியின் போட்டியில் அந்த ஆலைகளும் தள்ளாடின.

உள்நாட்டில் கஃப்ஸா என்ற பிரதேசம் இருக்கிறது. பாஸ்பேட் சுரங்கம்தான் அதற்கு உயிர். 1980-களின் ஆரம்பத்தில் அங்குள்ள கம்பெனியில் சுமார் 14,000 பேர் வேலை செய்தார்கள். சீர்திருத்தத்தின் பேரில் ஆட்களைக் குறைத்துக் கொண்டே வந்து, 2000-களின் பிற்பகுதியில் அத்தொகை ஐயாயிரத்தை ஒட்டி நின்றது. 2008 ஜனவரியில், இருந்த சில இடங்களுக்கும் வேண்டியவர்களையே பொறுக்கி எடுத்தார்கள் என்று ரெதேயெஃப் என்ற சுரங்க ஊரில் கலகம் மூண்டு, மாதக் கணக்கில் நீடித்தது. வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை.

2010 டிசம்பர் 17-ல் சீதி பூசிட் என்ற ஊரில் முகம்மது பௌஅஸீஸி என்ற இளைஞர், தம் தள்ளுவண்டியையும் தராசையும் அதிகாரிகள் பறித்துக் கொண்ட அவமானம் தாளாமல் தீக்குளித்தார். அவரை வேலையில்லாப் பட்டதாரி என்று பலர் எழுதினார்கள். உண்மையில் அவர் உயர்தரப் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். பழம் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். சர்க்கார் கணக்கில் அவர் வேலையுள்ளவரே! வேலை என்ற பெயரில் எவ்வளவு இழிவைத் தாங்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? 2011 ஜனவரி 14-ல் ஜனாதிபதி பென் அலி நாட்டை விட்டு ஓடினார்.

அதன் பின்னர்தான் மறைந்திருந்த கணக்கு ஒன்று வெளிவந்தது. பென் அலியின் குடும்பத்தோடு தொடர்புடைய 220 கம்பெனிகளை உலக பாங்கியின் ஆராய்ச்சியாளர் 2014-ல் பரிசீலித்தார்கள். தனியார் துறை லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போயிற்று. அவை கொடுத்த வேலையோ மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். லைசென்ஸும் அனுமதியும் சொந்தக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஊரில் புதியவன் எப்படித் தொழில் தொடங்குவான்? போட்டி இல்லாத முதலாளி ஆட்களைச் சேர்த்து உற்பத்தியைப் பெருக்க வேண்டிய அவசியந்தான் என்ன?

அண்டை நாடுகள்

அல்ஜீரியா உள்நாட்டுக் கலவரத்தின் நடுவே 1994-ல் நிதி ஸ்தாபனத்தின் திட்டத்தை ஏற்றது. பொதுத் துறை ஆலைகளில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2000-ஐ ஒட்டி அங்கே வேலையில்லாதவர் 30 சதவீதத்தை நெருங்கினார்கள். பின்னர் எண்ணெய் விலை ஏறியதால் நிலைமை சற்றுத் தேறிற்று. ஜார்டனில் 1989-ல் எரிபொருள் விலை உயர்வால் மஆன் நகரிலும், 1996-ல் ரொட்டி விலையால் கராக்கிலும் கலகம் எழுந்தது.

ஸௌதி அரேபியாவின் கதை வேறு. அங்கே சொந்த நாட்டார் சர்க்கார் உத்தியோகத்திலும், அந்நியர் தனியார் வேலையிலும் இருப்பது நெடுநாள் வழக்கம். நம் தமிழ்நாட்டிலிருந்தும் எத்தனையோ பேர் அந்த அந்நியர் கூட்டத்தில் உழைக்கிறார்கள். சொந்த நாட்டாருக்கு இத்தனை இடம் என்று தனியாருக்கு விதிக்கும் 'நிதாகாத்' ஏற்பாடு 2011-ல் வந்தபோது, இங்குள்ள பல வீடுகளில் அடுப்பின் மீதே அதன் நிழல் விழுந்தது. 2016-ல் பெரும் சீர்திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்து, 2019 டிசம்பரில் அராம்கோ எண்ணெய்க் கம்பெனியின் 1.5 சதவீதப் பங்கை விற்றார்கள். வேலைச் சந்தையில் ஸௌதிப் பெண்களின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 12 சதவீதத்துக்கு மேலிருந்த ஸௌதி மக்களின் வேலையின்மை 2024-ல் 7 சதவீதத்தை ஒட்டி இறங்கிற்று. ஆனால் இந்தச் சீர்திருத்தத்துக்குப் பின்னால் எண்ணெய்ப் பணம் நிற்கிறது. கடன்பட்டவன் செய்யும் சீர்திருத்தமும், செல்வன் செய்யும் சீர்திருத்தமும் ஒன்றாகுமா?

மீண்டும் அதே பாதை

எகிப்து 2016 நவம்பரில் நிதி ஸ்தாபனத்திடம் 1,200 கோடி டாலர் கடன் பெற்றது. 2022-ல் இசைந்த மற்றொரு கடன் 2024 மார்ச்சில் 800 கோடி டாலராக உயர்ந்தது. 2016-ன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 8 எகிப்தியப் பவுனுக்கும் குறைவு. 2024 மார்ச்சுக்குப் பின்னர் 45 பவுனுக்கு மேல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 5 பியாஸ்டராக இருந்த மான்ய ரொட்டி, 2024 ஜூனில் 20 பியாஸ்டர் ஆயிற்று. நாசர் காலத்தில் 1954-ல் நிறுவிய ஹெல்வான் இரும்பு எஃகு ஆலையைக் கலைத்துவிட 2021 ஜனவரியில் முடிவாயிற்று. அப்போது அங்கே சுமார் 7,000 பேர் இருந்தார்கள். வேலையின்மை சுமார் 7 சதவீதமே என்று சர்க்கார் கணக்கு அப்போதும் சொல்லிற்று.

டுனீஷியாவோ வேறு விதமாக நடந்தது. 2022 அக்டோபரில் 190 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு ஏற்பட்டும், அந்நியக் கட்டளைகளை ஏற்பதற்கில்லை என்று ஜனாதிபதி கயஸ் சயீத் 2023 ஏப்ரலில் மறுத்துவிட்டார். சுய மரியாதைக்கு அது உகந்ததாக இருக்கலாம்; ஆனால் மறுப்பு மட்டுமே யாருக்கும் வேலை கொடுத்துவிடாது.

நாம் அறிய வேண்டுவது

இந்த அனுபவங்களிலிருந்து சில உண்மைகள் விளங்குகின்றன. ஆலையின் சொந்தக்காரரை மாற்றுவதால் மட்டும் புதிய வேலை ஒன்றும் பிறப்பதில்லை. புதிய ஆலை எழுந்தால்தான் பிறக்கும். புதிய ஆலை எழ வேண்டுமானால், செல்வாக்கு இல்லாதவனுக்கும் கடனும் அனுமதியும் நியாயமும் கிடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விற்பனையை மட்டும் முதலில் நடத்தினால், சர்க்காரின் ஏகபோகம் ஒரு குடும்பத்தின் ஏகபோகமாக மாறுவதோடு சரி.

பழைய வாசலை அடைப்பதற்கு முன்பு புதிய வாசலைத் திறந்தாக வேண்டும். நஷ்டத்தில் நடக்கும் ஆலையை என்றென்றைக்கும் தாங்கச் சொல்வது விவேகமாகாது; அதில் உழைத்தவனையும் அதற்காகப் படித்தவளையும் கைவிடச் சொல்வது தர்மமாகாது. வேலையைத் தலை எண்ணிக் கணக்கிட்டால் போதாது. அந்த வேலையில் நாளைக்கும் நிச்சயம் உண்டா, மரியாதை உண்டா என்றும் கேட்டறிய வேண்டும்.

1991-ல் நம் தேசமும் இதே பாதையில் அடி எடுத்து வைத்தது என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொதுச் சொத்தை விற்கலாமா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும், என்ன விலைக்கு என்று கேட்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த விலையை முடிவில் யார் வீட்டு அடுப்பு கொடுக்கப் போகிறது என்று கேட்பவர்களும் இருந்தாக வேண்டும்.